பதினெட்டு சைக்கிள், முப்பத்தொரு பேர்

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலேயே வெக்கை. மேகம் கூடிக் கலைந்துவிட்டது. தீபாவளி கிஃப்ட் பாக்ஸுக்கான அட்டை ஒரு லோடு இறங்கியது. நனையவில்லை, அதுவரை நிம்மதி.

மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கி, நான் வாங்கி விட்டிருக்கும் சைக்கிள்களைப் பார்த்தேன். இரண்டு பஞ்சர். ஒன்றில் பெடல் கட்டை இல்லை. சீட்டெல்லாம் வெயிலில் வெடிப்பு. கூரை இல்லாமல் இன்னொரு சித்திரை தாங்காது. போதாக்குறைக்கு ரோட்டை அகலப்படுத்த டீக்கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சைக்கிள் நிற்பது அந்தக் கடையின் பக்கவாட்டில்தான். மாதக் கடைசிக்குள் வேறு இடம் வேண்டும்.

தர்மம் செய்கிறேன் என்று ஊரில் பேச்சு. தர்மமும் இல்லை, ஒன்றும் இல்லை. என் பாக்கிங் கூடத்து வேன் மெயின் ரோட்டு விலக்கோடு சரி. அங்கிருந்து ஊர் மூன்று கிலோமீட்டர். சீசனில் நாள் முழுக்க நின்று பெட்டி அடுக்கிவிட்டு அந்தத் தூரமும் நடந்த பெண்கள், வாசலுக்கே வேன் அனுப்பும் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஆள் வேண்டும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் படிப்பு முடிந்ததும் பழைய இரும்புக்கு வந்துகொண்டிருந்தது. பதினெட்டு வாங்கினேன். பதினெட்டுக்கும் ஒரே சாவி.

காலையில் பெண்கள் ஊரிலிருந்து ஓட்டி வந்து விலக்கில் விட்டு வேன் ஏறுவார்கள். பகலில் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் எடுப்பார்கள்: கிராம நர்ஸ் செல்வி, பால்வாடி டீச்சர், இப்படிப் பதின்மூன்று பேர். ஐந்தரைக்குள் வண்டி திரும்ப விலக்கில் இருக்க வேண்டும். சட்டம் இவ்வளவுதான். முப்பத்தொரு பேர் ஓட்டுகிறார்கள். ஒரு தகராறு இல்லை இதுவரை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஊராட்சி ஆபீஸ். கரண்ட் இல்லை. கிளார்க் படிவத்தால் விசிறிக்கொண்டிருந்தார்.

"கூரையா? தாராளமாப் போடலாம் அண்ணாச்சி. புறம்போக்கு இடம் கெடக்கு, ஃபண்டும் இருக்கு. பயனாளிப் பட்டியல் மட்டும் குடுங்க."

"ஊரே பயனாளிதானய்யா."

"ஊருக்கு ஆதார் நம்பர் உண்டுமா?"

விசிறிய படிவத்தையே நீட்டினார். ஒரு வண்டிக்கு ஒரு பெயர். அந்த ஊர் ரேஷன் கார்டு வேண்டும். பயனாளி தவிர வேறு ஆள் ஓட்டக் கூடாது, இதுவும் அச்சில்.

"காலையும் சாயங்காலமும் ஒருத்தர், பகல்ல ஒருத்தர்னு எழுதுறேன்."

"அதுக்குக் கட்டம் இல்லயே அண்ணாச்சி."

ஆகஸ்ட் 13, புதன்

யூனியன் ஆபீஸ். இரண்டு மணி நேரம் பெஞ்சு. அதிகாரி நல்ல மனுஷன்தான், புகை இல்லாத வண்டி, பெண்கள் முன்னேற்றம் என்று என்னைவிட நன்றாகப் பேசினார். போட்டோ எடுத்துக்கொண்டார். கடைசியில் அதே படிவம்.

நான் எழுதிக் கொடுத்தது:
– விலக்கில் இரண்டு சென்ட், மேலே தகரம்.
– காற்றடிக்கும் பம்பு ஒன்று. சங்கிலி போட்டு.
– பெயர்ப் பட்டியலுக்குப் பதில், நேரம் குறிக்கும் நோட்டு.
– எத்தனை வண்டி கொடுத்தோம் என்று பார்க்காமல், ஒரு வண்டி எத்தனை பேருக்கு ஓடுகிறது என்று பார்த்து ஃபண்டு.

"ஆடிட்ல கேப்பாங்க" என்றார். அந்த ஆடிட்காரர் யார், எங்கே இருக்கிறார், ஒருத்தரும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வரும்போது தக்காளி வாங்க மறந்தாச்சு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கிராம சபை. மிட்டாய், கொடி, மைக் கரகரப்பு. எழுந்து கேட்டேன்: குடிதண்ணீர்த் தொட்டி யார் பெயரில் கட்டினீர்கள்? தெருவிளக்குக்குப் பயனாளி யார்? சிரித்தார்கள். கிளார்க்கும் சிரித்தார். சரி, மடக்கிவிட்டோம் என்று நினைத்தேன்.

முத்துமாரி எழுந்தாள். என் கூடத்தில் எட்டு வருடம். அவள் கை ஓடும் வேகத்தில்தான் மற்றவர்கள் கை ஓடும்.

"அண்ணாச்சி, ஒங்க பேரு கடை போர்டுல இருக்கு, பில்லுல இருக்கு, வேன் முதுகுல இருக்கு. எங்க வீட்டுல பட்டா மாமனார் பேருல, கரண்ட் கார்டு வீட்டுக்காரர் பேருல. ஒரு சைக்கிளாச்சும் முத்துமாரி பேருல இருக்கட்டுமே. அத வேண்டாங்கறதுக்கு நீங்க யாரு?"

பெண்கள் பக்கம் கைதட்டல். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

"தனியா ஒண்ணு வேணும்னா நானே வாங்கித் தாரேன். இப்பம் உக்காரு."

"ஓசியில கேக்கல" என்றாள். உட்காரவில்லை. வெளியே போய்விட்டாள். பின்னாலேயே எட்டுப் பேர்.

சொல்லியிருக்கக் கூடாது. அதுவும் மைக்கில்.

ஆகஸ்ட் 16, சனி

ஒன்பது பேர் வேலைக்கு வரவில்லை. மதுரை ஆர்டர் அப்படியே கிடக்கிறது. வந்தவர்களில் ஒருத்தியிடம் கேட்டேன், மத்தவுக எங்க?

"துஷ்டி வீட்டுக்குப் போயிருக்காக அண்ணாச்சி."

"யாரு செத்தது?"

"அது இன்னும் தெரியல."

கூடமே சிரித்தது. எனக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

முத்துமாரி வீடு. "வாங்க" என்றாள், நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். முகம் மட்டும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

சபையில் பேசியது தப்பு என்றேன்.

"தப்புதான்."

அப்புறம் கேட்டேன்: உன் பேருல எழுதினா பகல்ல வண்டி விலக்குல நிக்குமா?

"நிக்காது. எங்க வீட்டுக்காரர் காலையில என்னைக் கொண்டாந்து விட்டுட்டு எடுத்துட்டுப் போயிருவாரு. பேரு எனக்கு, வண்டி அவருக்கு. அது தெரிஞ்சுதான் கேக்கேன்."

"தெரிஞ்சுமா?"

"நீங்க எழுதுங்க. அவருகிட்ட நான் பேசிக்கிடுதேன், இன்னைக்கு இல்லாட்டி நாலு வருசங் கழிச்சு."

மிச்சத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். வியாபாரத்தில் இப்படி ஒரு பேரம் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

பட்டியல் எழுதினேன். முத்துமாரி முதல் பெயர். வரிசையாகப் பதினெட்டு. பகல் ஆட்கள் பதின்மூன்று பேருக்கும் படிவத்தில் இடமில்லை, பாதிப்பேருக்கு ரேஷன் கார்டு வேறு ஊர். மதியத்துக்குள் ஒன்பது பேரும் கூடத்தில் இருந்தார்கள். யாரும் துஷ்டியைப் பற்றிப் பேசவில்லை. மதுரை ஆர்டர் நாளை ஏறிவிடும். அதற்காகத்தான் எழுதினேனா? பாதி அதற்காகத்தான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தூறல். படிவத்தில் சீல் விழுந்தது. "இனி ஒங்களுக்குத் தொந்தரவே இல்ல அண்ணாச்சி" என்றார் கிளார்க்.

விலக்கில் நிற்கும்போது பத்து மணி பஸ்ஸில் நர்ஸ் செல்வி இறங்கினாள். ஊரின் கடைசித் தெருவில் ஒருத்திக்கு ஒன்பதாம் மாதமாம், தினமும் பிரஷர் பார்க்க வேண்டுமாம். மருந்துப் பெட்டியைக் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டே,

"கூரை வருதாமே அண்ணாச்சி! மழைக்கு ஒதுங்கவும் ஆச்சு. எப்பம் போடுறாக?"

அடுத்த மாதம் என்றேன். பட்டியலில் அவள் பெயர் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. ஏறிப் போய்விட்டாள்.