பன்னிரண்டாம் உறை

அம்மா,

சூளையில் வெந்து தலைசாய்ந்த சிறு மண்கூம்பு ஒன்று இப்போது என் மேசைமேல் இருக்கிறது. விரல் நீளம்கூட இல்லை. சென்ற வாரம் உங்கள் தம்பி பெண்ணாடத்திலிருந்து வந்து ஓர் அட்டைப்பெட்டியைத் தந்தார். "அக்கா ரூம ஒழிச்சோங்க ஐயா. இதுமேல 'தமிழ் ஐயா'ன்னு எழுதி இருந்துச்சு. புக்கா இருக்கும்னு நெனைச்சேன், தூக்குனா கனமே இல்ல" என்றார். கனம் இல்லைதான். உள்ளே இந்தக் கூம்பும் ஒரு பழுப்பு உறையும் மட்டும். உறையின்மேல் உங்கள் கையெழுத்தில் பன்னிரண்டு என்னும் எண். அதனுள் நான் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம்; படிவத்தின் பின்னால் ஒரு வெள்ளைத் தாள். அதில் எழுத்து எதுவும் இல்லை. அதில் எழுதியிருக்க வேண்டியவன் நான்.

நீங்கள் முதன்முதலில் என் வீட்டுக்கு வந்தபோது, கரும்பு பயிரிடும் குடும்பத்துப் பெண் என்றும், உளவியல் பேராசிரியர் என்றும், வினாத்தாள் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கித் தர வேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொன்னீர்கள். தன்னை மறந்து தன்னினும் பெரிதான ஒன்றில் கலந்ததாக மனிதர்கள் சொல்லும் கணங்களை ஆராயப் போவதாகக் கூறினீர்கள். துறவிகளிடமோ மடங்களிலோ அல்ல, நம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மையும் அகல்விளக்கும் செய்யும் தொழிலாளரிடம். எனக்கு அது வியப்பாக இருந்தது. சற்று வருத்தமாகவும் இருந்தது. நாள்தோறும் இருவேளை பழமலைநாதர் சந்நிதியில் பதிகம் ஓதுகிறவன் இருக்கும் தெருவைக் கடந்து, மண் பிசைகிறவர்களிடம் போகிறீர்களே என்று எண்ணினேன். ஆயினும் தமிழாக்கித் தந்தேன்.

அந்த வினாத்தாள் என்ன ஆயிற்று என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 'எல்லாம் ஒன்றே என்ற உணர்வு உங்களுக்கு எந்த அளவுக்கு ஏற்பட்டது? மிகுதியாக, ஓரளவு, சிறிதளவு, இல்லை' என்று நான் அழகாக எழுதியிருந்தேன். சூளைக்குச் சரக்கு அடுக்கும் அஞ்சலையிடம் அதை வாசித்தோம். அவள் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அளவுன்னா எதுலங்க? கரண்டியிலயா, படியிலயா?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "டாக்டரம்மா, அதெல்லாம் இருக்கட்டும், முழங்காலு புடிச்சிக்குது, மாத்திர எதுனா எழுதிக் குடுங்க" என்றாள். நீங்களும் சிரித்துவிட்டு, "நான் அந்த டாக்டரு இல்லக்கா. எனக்கே முழங்காலு வலிதான்" என்றீர்கள். அன்றே வினாத்தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டீர்கள். மதிப்பெண் இடும் வழி ஒன்று, கதையாகக் கேட்கும் வழி ஒன்று, இரண்டும் வேண்டும், ஆனால் இங்கே கேட்பதுதான் முதலில் என்று திரும்பும் வழியில் விளக்கினீர்கள்.

அன்று நான் உங்களிடம் கேட்டது ஒன்றுதான்: இறைவனை எந்தக் கருவியால் அளப்பீர்கள்? இரண்டு நாள் கழித்துச் சூளைவாயில் நின்றபோது, சுவரிலிருந்த சிறு துளைவழியே அஞ்சலை உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்க்கிறாய் என்று கேட்டீர்கள். "கோன் சாஞ்சிடுச்சான்னு பாக்குறங்க. உள்ள சூடு எவ்ளோன்னு கைய வுட்டா பாக்க முடியும்? கோன் தலைய சாச்சா மண்ணு வெந்துடுச்சு, அவ்ளோதான்" என்றாள். சூடு காட்ட உள்ளே வைக்கும் அந்தக் கோன்களில், ஆறிய சூளையிலிருந்து அவள் எடுத்துப்போட்ட ஒரு கூம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். என்னிடம் அதைக் காட்டி, "நெருப்ப நான் அளக்கலைங்க ஐயா. இது எவ்ளோ சாஞ்சிருக்குதுன்னு பாக்குறேன். என் படிப்புக்கு அவ்வளவுதான் எட்டும்" என்றீர்கள். அந்த அடக்கம் எனக்குப் பிடித்தது. நீங்கள் கேட்காமலே தொடர்ந்து உடன்வருவதாகச் சொன்னேன்.

என்னை ஆய்வில் சேர்க்குமுன் நீங்கள் சொன்ன ஒரு சொல்லை நான் கேட்டேன், மனத்தில் வாங்கவில்லை. பிறர் அனுபவத்தைக் கேட்கப் போகும்போது நம் நம்பிக்கையை ஒதுக்கிவைக்க வேண்டும் என்றீர்கள். நான் முகம் சுளித்திருக்க வேண்டும். "கோயிலுக்குள்ள போறப்ப செருப்ப வாசல்ல வுடறீங்க இல்லியா, அதுமாதிரிதாங்க. யாரும் எடுத்துட்டுப் போவ மாட்டாங்க. வரும்போது போட்டுக்கலாம்" என்றீர்கள்.

தொழிலாளர்கள் என்னிடம் கூச்சமின்றிப் பேசுகிறார்கள் என்பதால் பதினொருவரைச் சந்திக்க என்னைத் தனியே அனுப்பினீர்கள். பேச்சைக் கருவியில் பதிவு செய்து, வீட்டில் திரும்பக் கேட்டு, தாளில் எழுதினேன். எழுதியதை அவரவர்க்குப் படித்துக்காட்டி ஒப்புதலும் பெற்றேன். ஒப்புதல் வந்ததும் குரலை அழித்துவிடுவதாக அவர்களுக்கு நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தீர்கள், அவ்வாறே அழித்தீர்கள்.

பிறகு ஒரு ஞாயிறு காலை என் வீட்டுக் கூடத்தில் அந்தப் பதினொரு கட்டுகளையும் தரையில் வரிசையாகப் பரப்பிவைத்து, நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஐயா, பதினோரு பேரும் ஒரே மாதிரி பேசறாங்க."

"ஒரே உண்மையை உணர்ந்தவர்கள் அல்லவா?"

"இல்லைங்க. பதினோரு பேரும் உங்கள மாதிரி பேசறாங்க."

செம்மைப்படுத்தியதாகச் சொன்னேன். மாணவர் கட்டுரையைத் திருத்தும் பழக்கம் என்றேன். கொச்சையாகச் சொன்னதைத் தக்க சொல்லில் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்றும் சொன்னதாக நினைவு. நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "குரல அழிச்சிட்டனேங்க ஐயா" என்று மட்டும் சொன்னீர்கள்.

மறுநாள் இருவரும் பதினொருவரில் ஒருத்தியான அஞ்சலையிடம் போனோம். அன்று தமிழ் ஐயாவிடம் சொன்னதை மறுபடி சொல்லக் கேட்டீர்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று, நான் எழுதியதை அப்படியே ஒப்பித்தாள். "யான் என்பது அற்று, எங்கும் சிவமே நிறைந்திருக்கும் பேரின்பத்தில் ஆழ்ந்தேன்." ஓரிடத்திலும் தடுக்கவில்லை. "மகளிர் குழுக் கூட்டத்துல சொன்னங்க, எல்லாரும் கைதட்டுனாங்க. நானா இப்டிப் பேசுனேன்னு எனக்கே மலைப்பா இருக்குது" என்றாள். அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தபின் நீங்கள் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில்தான் கேட்டீர்கள். "அவங்க சொன்ன சொல்லு உங்களுக்காவது ஞாபகம் இருக்குதுங்களா?" பொருள் அதுதான் என்றேன். அம்மா, எனக்கு நினைவிருந்தது. ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது. சொன்னால் அதற்கும் நான் எழுதியதற்கும் இடையே உள்ள தொலைவு தெரிந்துவிடும் என்பதால் சொல்லவில்லை. மற்றப் பத்துப்பேர் சொன்னது எனக்கு மறந்துவிட்டது, அது உண்மை.

பதினொன்றையும் ஆய்விலிருந்து நீக்கினீர்கள். அறிக்கையில் அதை மறைக்கவும் இல்லை. எழுதியவரைத் தக்கவாறு பழக்காமல் அனுப்பிய பிழை உங்களுடையது என்று பழியை உங்கள்மேல் போட்டுக்கொண்டீர்கள். அதைப் படித்தபோது நன்றி தோன்றவில்லை. பல மாதம் உங்களிடம் பேசாமல் இருந்தேன். நீங்களாகவே ஒருநாள் வந்து கூடத்தில் அமர்ந்து இந்த உறையை நீட்டினீர்கள். "அந்தப் பதினொண்ணு போச்சுங்க. பன்னண்டாவதா உங்களுத ஒண்ணு குடுங்க. உங்களுக்கு நடந்தது. உங்க வாயால."

படிவத்தில் கையொப்பமிட்டேன். என்னிடம் ஒரு கதை ஆயத்தமாக இருந்தது. இளமையில் ஒருநாள் அந்திப் பூசையில் தீபம் காட்டியபோது மெய்ம்மறந்து நின்றதாகப் பலருக்கும் சொன்ன கதை. உங்களுக்கும் சொன்னேன். இடையிடையே பாடல்களும் வந்தன. முடியும்வரை கேட்டீர்கள்.

"நல்லாருக்குதுங்க ஐயா. இது பாட்டு. நடந்தது என்னா?"

"நடந்ததுதான் பாட்டாயிற்று" என்றேன், சினத்தோடு.

"அது பாட்டாவறதுக்கு முன்னாடி?"

அடுத்த ஆண்டும் கேட்டீர்கள். அதே கதையைச் சொன்னேன். இம்முறை தீபம் இன்னும் பெரிதாயிருந்தது என்பதை நீங்கள் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். கால இடைவெளி விட்டு மறுபடி கேட்பது உங்கள் முறை. அதை நானும் அறிவேன். உங்கள் குரல் மெலிந்தும் சோர்ந்தும் இருந்த கடைசித் தொலைபேசி உரையாடலில், "உங்க உறை இன்னும் சும்மாதான் இருக்குதுங்க" என்றீர்கள். மாசி மகத் திருவிழா முடியட்டும், வருகிறேன் என்றேன். தேர் நிலைக்கு வந்தது. அடுத்த வாரம் நீங்கள் இல்லை.

ஏன் தள்ளிப்போட்டேன் என்பதை இப்போது சொல்லலாம். அந்திப் பூசையில் எனக்கு எதுவும் நிகழவில்லை. அறுபது ஆண்டு வழிபாட்டில் மன அமைதி உண்டு, கண்ணீரும் உண்டு. நீங்கள் தேடிய அந்த ஒன்று கோயிலுக்குள் நிகழவே இல்லை. நிகழ்ந்தது ஒரே ஒருமுறை, வேறோர் இடத்தில். அப்போது இறைவன் பெயர் என் நாவிலும் இல்லை, நெஞ்சிலும் இல்லை. மறையும் பழம்பாடலும் கற்றவனுக்கு அது அவ்வாறு வந்திருக்கக் கூடாது என்று நாணினேன். ஆகவே அதைக் கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்தேன். பிறகு அஞ்சலை தன் வாயால் சொன்னபோது அவளிடமும் இறைவன் பெயர் இல்லை. அதனால்தான் அவளுடையதையும் திருத்தினேன். மரியாதையால் அல்ல.

பெட்டி வந்த மறுநாள் தொழிற்பேட்டைக்குப் போனேன். அஞ்சலைக்கு இப்போது கண் சரியில்லை. அடுக்கும் வேலையை விட்டு, அகல்விளக்குகளைத் தடவிப் பார்த்து விரிசல் உள்ளதைக் கழிக்கிறாள். கூம்பைக் கையில் கொடுத்தேன். "டாக்டரம்மா வாங்கிட்டுப் போனாங்களே, அதுவா?" என்று கேட்டு அதன் சாய்ந்த தலையை விரலால் தடவினாள். பொம்மை அடுக்கும்போது தனக்கு நேர்ந்ததாக அன்று அவள் உண்மையில் சொன்னதை அவளுக்கே சொன்னேன். 'அப்ப ஒண்ணுமே இல்லைங்க. நானும் இல்ல. பொம்மைங்கதான் இருந்துச்சு.'

"இதுவா நான் சொன்னேன்? இதுல ஒண்ணும் பெருசா இல்லியேங்க. நீங்க எழுதுனதே இருக்கட்டும்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குங்க ஐயா மன்னிப்பு? நல்லாத்தான எழுதுனீங்க" என்று அடுத்த விளக்கை எடுத்தாள். நான் எழுந்தபோது அவள் கை நின்றது.

"ஐயா... அந்தப் பொம்மைங்களுக்குக் கண்ணு எழுதல அப்ப. வெறும் மூஞ்சா இருந்துச்சு எல்லாம்."

இது அவள் எனக்கு முன்பு சொல்லாதது. பதிவு செய்ய என்னிடம் கருவி இல்லை, கேட்கவேண்டியவரும் இல்லை. வீட்டுக்கு வந்து உங்கள் வெள்ளைத் தாளின் தலைப்பில் அதையும் அவள் முன்பு சொன்ன சொற்களையும் சேர்த்து எழுதினேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மாற்றக் கை போயிற்று என்பதையும் உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. அதன்கீழ் என்னுடையதை எழுதினேன். அதன் நகல் இது:

'சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டு. மத்தியானம். அக்கா வூட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வரேன். பஸ்ஸு வரல. டீ வாங்கிக் கையில வச்சிருக்கேன். எதுத்தாப்புல ஒரு அம்மா வெள்ளரிப் பிஞ்ச கூறு கட்டி வச்சிருக்குது. ஒரு கூறு சரிஞ்சு ஒண்ணு உருண்டு வந்துச்சு. அந்தம்மா கைய நீட்டுனாங்க. அவ்ளோதான். பிஞ்சு இருந்துச்சு, வெயிலு இருந்துச்சு, அந்தக் கை இருந்துச்சு. பாத்துக்கிட்டிருந்த ஆளு இல்ல. எவ்ளோ நேரம்னு தெரியல. டீ ஆறிப்போய் இருந்துச்சு. சாமி ஞாபகம் வரல. பஸ்ஸு வந்துச்சு, ஏறி உக்காந்துட்டேன்.'

எழுதி முடித்து உறையில் இட்டு, மேலே கூம்பை வைத்தேன். பாட்டாவதற்கு முன் என்ன என்று நீங்கள் கேட்ட கேள்வி இப்போது என்னோடு இருக்கிறது. பதிகம் ஓதும்போதும் விலகுவதில்லை. அதனால் ஓதுவது குறையவும் இல்லை.

அந்திப் பூசைக்கு மணி அடித்தது. எழுந்து வாசலுக்கு வந்தேன். செருப்பு கழற்றிய இடத்தில் இருந்தது. நீங்கள் சொன்னதுபோல, யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.