அப்பாவின் மெஷினும் பதினாலாம் கேள்வியும்

அன்பு மகள் குட்டிக்கு அம்மா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் என்னை விட்டுத் தனிக்குடித்தனம் போய்விடலாமா என்கிற மாதிரி வலிக்கிறது, மற்றபடி சாப்பாடு தூக்கம் எல்லாம் ஒழுங்கு. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா. பாப்பாவுக்கு முன்பல் விழுந்த போட்டோ பார்த்தேன், சிரித்தால் சாத்த மறந்த ஜன்னல் மாதிரி இருக்கிறாள், அந்த ஓட்டை வழியாக நாக்கை நீட்ட வேண்டாம் என்று சொல், பல் கோணலாக முளைக்கும். தினம் போனில் பேசுகிறோமே எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் பாதியிலேயே ஐயோ அம்மா என்பாய், நானும் நிறுத்திவிடுவேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். நாலாவது படித்தவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துப் படி.

போன வாரம் முழுக்க நம் தெருவில் ஒருவரும் என் முகம் பார்த்துப் பேசவில்லை. தப்பு என்னுடையதுதான், ஆனால் அவர்கள் கோபித்துக்கொண்டது நான் தப்பு செய்ததற்கு இல்லை, அதை நிறுத்தியதற்கு. விவரமாகச் சொல்கிறேன். அப்பாவுக்கு மூச்சு மெஷின் வைத்த வருஷம் கரண்ட் கம்பெனியில் எழுதிக் கொடுத்து நம் லைனைப் பாதுகாப்பு லைனாக மாற்றினோமே, ஊரெல்லாம் கரண்ட்டை நிறுத்தினாலும் நம் லைனில் மட்டும் நிறுத்த மாட்டார்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் தனியாக விட முடியாதாம், விட்டால் தெரு முழுக்க விடவேண்டுமாம். அதனால் அப்பா கட்டிலில் படுத்தபடியே முப்பத்திரண்டு வீட்டுக்கும் ஒன்பது கடைக்கும் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் வந்து எப்படி இருக்கீங்கண்ணே என்றால், உன் அடுப்பு சுடுதில்ல, அப்ப நான் நல்லாத்தான் இருக்கேன் என்பார். விளக்கு ஒரு தடவை மினுக்கென்றால் போதும், சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவார், பாதி தாடியோடு ஆளும் பின்னாலேயே வருவான். அப்பாவும் மூக்கில் குழாயோடு அவனைப் பார்த்து, தம்பி எந்தப் பக்கம் அழகுன்னு முடிவு பண்ணிட்டியா என்பார்.

அப்பா போனதும் மெஷினை ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொடுத்தாச்சா என்று நீ கேட்டாய், ஆச்சு என்றேன். ஆகவில்லை குட்டி. மாசா மாசம் மீட்டர் பார்க்க வருகிறவர் கையில் ஒரு தாள் இருக்கும், மெஷின் ஓடுதாம்மா என்று கேட்டு அதில் ஒரு கோடு போடுவார். அப்பா போய் ஒன்பதாம் நாள் வந்து கேட்டார். இல்லை என்பதற்குப் பதில் ம் என்றேன், அவரும் கோடு போட்டுக்கொண்டு போனார். அடுத்த மாசம் சத்தம் கேக்கணும்மா, மேல ரொம்பக் கேள்வி கேக்கறாங்க என்றார், உள்ளே போய் சுவிட்சைப் போட்டேன், வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அப்படியே ஏழு மாசம். தெருவுக்குத் தெரியாதா என்ன, அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதே அவர்கள்தான். ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சூடாக ரொட்டி வரும், ஃபியூஸ் போன பல்பை நான் பார்ப்பதற்கு முன் சலூன்காரர் பார்த்துவிடுவார், இப்படி ஒரு பாசமான தெரு உண்டா என்று நானே மெச்சிக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது, எங்கே இவள் போய் எழுதிக் கொடுத்துவிடுவாளோ என்று பயம். பாசமும் இல்லாமல் இல்லை, இரண்டும் கலந்துதான் இருந்தது, பிரித்துப் பார்க்க எனக்கும் மனசு வரவில்லை.

இந்த நிலையில்தான் கரண்ட் சந்தையின் விதிகளை மாற்றப் போகிறோம், பொதுமக்கள் கருத்து சொல்லலாம் என்று நோட்டீஸ் வந்தது. கரண்ட்டைக்கூடத் தக்காளி மாதிரி மணிக்கு ஒரு விலை வைத்து விற்கிறார்கள், உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு இப்போதுதான் தெரியும். விலை ஏறினால் கம்பெனி வாங்காது, வாங்காவிட்டால் லைன் லைனாக நிறுத்தும், அதுதான் நம் கரண்ட் கட். அறுபத்திரண்டு பக்கம், இருபத்துமூன்று கேள்வி. முழுசாக ஒருவரும் படிக்கவில்லை, பதினாலாம் கேள்வியை மட்டும் தெருவே மனப்பாடம் செய்தது. பாதுகாப்பு லைன் என்பதையே எடுத்துவிட்டு, மெஷின் இருக்கும் வீட்டுக்கு மட்டும் ஒரு பேட்டரிப் பெட்டி கொடுத்துவிடலாமா என்பதுதான் கேள்வி. பேக்கரிக்காரர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்துவிட்டார், அக்கா நீங்க பேசினாத்தான் எடுபடும், நான் போய் நின்னா பன்னு விக்கிறவன் தன் அடுப்புக்காகப் பேசறான்னுவாங்க என்றார். வாங்கிப் பார்த்தால், என் வீட்டில் உயிர் காக்கும் மெஷின் இருக்கிறது, எங்கள் லைனை நிறுத்தாதீர்கள் என்று இருந்தது. என்ன தம்பி இது என்றேன். மெஷின் வீட்ல இருக்கா இல்லையா, இருக்கு, அதைத்தானேக்கா எழுதியிருக்கேன், இதுல என்ன பொய் என்றார். கூட வந்த சலூன்காரர், வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டிய ஆளு, மாவு பிசைஞ்சிட்டிருக்கார் என்றார். சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டேன். அவரையும் சொல்லக் கூடாது, அடுப்பு நடுவில் அணைந்தால் ஒரு தட்டு ரொட்டியும் சப்பட்டையாகிவிடும், அவர் பிழைப்பு அது.

கருத்துக் கேட்கும் கூட்டம் ஒரு பெரிய ஹாலில், பேக்கரிக்காரரும் கூட வந்திருந்தார். மேடையில் மூன்று அதிகாரிகள், ஆளுக்கு ஒரு தண்ணி பாட்டில், நடுவில் ஒரு அம்மா. கோட்டுப் போட்ட கம்பெனிக்காரர் சுவரில் படம் காட்டினார், மலை மாதிரி ஒரு கோடு ஏறி இறங்கியது, மத்தியானத்துக்கு மேல்தான் மலை உச்சியாம். எனக்கு இருபத்தேழு என்று சீட்டு கொடுத்தார்கள். பக்கத்தில் இருபத்தெட்டாம் நம்பர் ஒரு சின்னப் பெண், உன்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். கைப்பையிலிருந்து பிஸ்கட் எடுத்து எனக்கும் ஒன்று நீட்டினாள். அவள் வீட்டுக்காரன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனாம், நெஞ்சில் ஆபரேஷன் ஆகி மெஷினில் இருக்கிறானாம். கரண்ட் போனால் சிலிண்டரை மாட்டிவிட்டு அதன் முள் இறங்க இறங்க அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம், வேலையை விட்டுவிட்டாளாம். பாதுகாப்பு லைனுக்கு எழுதிப் போடலையாம்மா என்றேன். போட்டு அஞ்சு மாசம் ஆச்சுக்கா, ஒரு சப்ஸ்டேஷனுக்குப் பதினாறு லைன்தானாம், பதினாறும் நிரம்பியிருக்காம், யாராவது போனாத்தான் எனக்கு இடம் என்றாள். அப்புறம் மெதுவாக, யாரோ ஒருத்தர் போகணும்னு நான் எப்படிக்கா நினைக்கறது, ஆனா நினைக்கறேன்க்கா என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டைக் கடித்தாள். எந்த சப்ஸ்டேஷன் என்று கேட்டேன். நம்முடையதுதான். அவள் கொடுத்த பிஸ்கட் வாயில் அப்படியே நின்றுவிட்டது.

இருபத்தேழு என்று கூப்பிட்டார்கள். மைக் என் தலைக்கு மேல் இருந்தது, இறக்கினால் கீச் என்று ஒரு சத்தம், முன்வரிசை மொத்தமும் காதைப் பொத்தியது, நல்ல ஆரம்பம் என்று நினைத்துக்கொண்டேன். ஆளுக்கு மூன்று நிமிஷம், முடிந்தால் சிவப்பு பல்பு எரியும். பேக்கரிக்காரர் தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் செத்து ஏழு மாசம் ஆச்சு, எங்க லைன்ல மெஷின் வெச்சு மூச்சு விட இப்ப ஆள் இல்ல, அந்த இடத்தை எனக்குப் பின்னால உக்காந்திருக்கிற இருபத்தெட்டுக்குக் குடுங்க என்றேன். குட்டி, போயிட்டார், இல்ல என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன், செத்து என்று என் வாய் சொன்னது அன்றைக்குத்தான். சொன்ன பிறகு கைக்குள் இருந்த தாளை இன்னும் இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே நின்றேன், பல்பு எரிந்துவிட்டது. நடுவில் இருந்த அதிகாரியம்மா அது கிடக்கட்டும், நீங்க பேசுங்க, பதினாலாம் கேள்விக்கு உங்க பதில் என்ன, லைனா பெட்டியா என்று கேட்டார். யாரும் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. பெட்டி குடுங்க, வேணாங்கல, ஆனா பெட்டி ஒரு வீட்டுக்குள்ள மட்டும்தான் வேலை செய்யும் என்றேன். லைன் இருந்தப்ப விளக்கு மினுக்குன்னா தெருவே ஓடி வந்துச்சு, எங்களுக்காக வந்தாங்களோ அவங்க அடுப்புக்காக வந்தாங்களோ, வந்தாங்க. பெட்டியைக் குடுத்துட்டா அந்த வீட்டுக்கு யாரு வருவாங்க. இன்னொண்ணு, பதினாறுன்னு எண்ணி வெச்சவருக்கு மூச்சுத்திணறல் பதினாறு பேருக்கு மேல வராதுன்னு யாரு சொன்னது. ஹால் சிரித்தது, கம்பெனிக்காரர் கூட இருமுவது மாதிரி வாயை மூடிக்கொண்டார். வாசல்ல நின்னு காதால கேட்டுட்டுப் போறது சோதனை இல்லம்மா, ஒரு தடவை உள்ள வந்து உக்காந்திருந்தா நானே சொல்லியிருப்பேன், ஆனா மீட்டர்காரரைத் திட்டாதீங்க, அவருக்கு ஒரு நாளைக்கு நூறு வாசல் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள், விடவே இல்லை, அவள் நம்பர் கூப்பிட்டபோது நான்தான் பிரித்து எடுத்துவிட்டேன்.

வரும்போது பஸ்ஸில் பேக்கரிக்காரர் எனக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். விதி மாறுமா மாறாதா என்ற முடிவுக்கு இன்னும் மூன்று மாசம் ஆகுமாம், ஆனால் நம் பெயரை ஒரே வாரத்தில் எடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை சரியாக மூன்று மணிக்கு நம் தெருவில் கரண்ட் போனது. மூன்று வருஷத்தில் முதல் தடவை, ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, எல்லாரும் வெளியே வந்து மேலே கம்பியைப் பார்த்தார்கள், கம்பியில் எழுதி ஒட்டியிருக்கும் மாதிரி. நான் மட்டும் வெளியே போகவில்லை, எந்த முகத்தோடு போவது.

நேற்று மெஷினை எடுக்க ஆஸ்பத்திரி ஸ்டோர்க்காரர் வண்டியோடு வந்தார். தனியாகத் தூக்க முடியவில்லை. நான் கூப்பிடவில்லை, பேக்கரிக்காரர் தானாக வந்து ஒரு பக்கம் பிடித்தார், சட்டையெல்லாம் மாவு. ஸ்டோர்க்காரர் மெஷினைத் திருப்பினார், பின்பக்கம் ஒரு சின்ன எண் ஓடும், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டுமாம், எனக்கு அது தெரியவே தெரியாது. அப்பா போவதற்கு முந்தின நாள் சர்வீஸ் செய்தபோது குறித்த எண் அவர் தாளில் இருந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு, அவர் இறந்த பிறகு இருநூத்திப் பதினொரு மணி நேரம் ஓடியிருக்கேம்மா, வேற யாருக்காவது வெச்சீங்களா என்றார். மீட்டர்காரருக்காகப் போட்டது மொத்தமும் சேர்த்தால் அரை மணி நேரம்கூட இருக்காது, அது பேக்கரிக்காரருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். சும்மா கெடந்தா கெட்டுப்போயிடும்னு நான்தாங்க ஓட்டச் சொன்னேன், எழுதிக்குங்க என்றார். பொய் என்றால் அவர்தான். மெஷின் வண்டியில் ஏறியதும் என்னிடம், அக்கா ரொட்டி ரெண்டு நாளா சப்பையாத்தான் வருது, பரவாயில்லையா என்றார். பரவாயில்லப்பா என்றேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். சாப்பிட்டு முடித்துத் தையல்கடைச் சட்டைகளுக்குப் பட்டன் தைக்க உட்காருவேன் அல்லவா, அப்போது போடுவேன். குழாயின் முனையை அவர் தலையணை மேல் வைத்துவிட்டு ஒரு மணி நேரம். அந்தச் சத்தத்துக்குத்தான் ஊசி ஓடியது, தையல்கடைக்கு நாள் தவறாமல் சட்டை போனது. பயப்படாதே, மூளை கலங்கிப்போகவில்லை, அவர் இல்லை என்று தெரிந்துதான் போட்டேன். போன மாசம் போனில் பின்னால் என்னம்மா சத்தம் என்றாயே, மிக்ஸி என்றேன், அரை மணி நேரமாக அரைபடும் மிக்ஸி எது என்று நீ கேட்காமல் விட்டாய். உனக்கும் தெரிந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பெண் இன்று காலை கூப்பிட்டாள், ஊரெல்லாம் கரண்ட் போயும் அவள் தெருவில் போகவில்லையாம், மூன்று வருஷமாகப் பேசாத எதிர்வீட்டுக்காரி கேக் கொடுத்தனுப்பி உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார் என்று கேட்டாளாம். நான் சொன்னேன் பார் என்று எனக்கு ஒரே பெருமை.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகம் ஒருவர் வாடாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் அதில் பாதி. அங்கேயும் கரண்ட் கம்பெனியிலிருந்து விதி மாறுகிறது, கருத்து சொல் என்று தாள் வந்தால் குப்பையில் போடாமல் ஒரு கேள்வியாவது படி. மறந்துவிடாதே, செவ்வாயும் வியாழனும் மூன்று மணிக்கு இங்கே கரண்ட் இருக்காது, உனக்கு அப்போது காலை, வேலைக்குப் போகிற வழியில் கூப்பிடு. பின்னால் எந்தச் சத்தமும் இருக்காது.

விரல் வலிக்க எழுதி முடித்த
உன் அம்மா