கோடை தாண்டும் விதை

1994 பிப்ரவரி 22, செவ்வாய்

நாற்பத்தொன்றாம் வரிசையின் அறுவடை இன்று முடிந்தது. ஆறு வருடமாக நான் தேர்ந்தெடுத்து வளர்த்த சோயா. மஞ்சளாய், பருமனாய், அள்ளினால் விரலிடுக்கில் வழிகிறது. பழைய ரகத்தைவிட ஒன்றரைப் பங்கு மகசூல். எங்கள் அம்பாசமுத்திரம் பண்ணைத் தலைவர் ஸ்வாமிநாதன் சார் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். "நவம்பர் கூட்டத்துல இதை வெளியிட்டுடலாம் கெசியா." அவர் ஓய்வு பெறுவதற்குள் பண்ணையின் பெயரில் ஒரு ரகம் வரவேண்டும். அவருக்கு அந்த ஆசை. எனக்கும்தான்.

குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்ததும் "அம்மா" என்று வாயில் வந்துவிட்டது. அம்மா போய் எட்டு மாதம். இதை இனி யாரிடம் சொல்ல?

மார்ச் 3

ஆழ்வார்குறிச்சி. ஜுபைதா பீவி என்றொரு பெண், என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். கணவர் சவூதியில். நிலத்தைத் தானே நின்று பார்க்கிறாள். என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள்.

"போன வருசம் நீங்க தந்த சோயா வெதை பத்துக்கு ரெண்டுகூட மொளைக்கல. உழுத கூலியும் போச்சு. உங்க பண்ணையில மட்டும் மொளைக்குது, எங்க வீட்டுல வச்சா ஏன் செத்துப்போவுது?"

நியாயமான கேள்வி. நம் ஊர்க் கோடையைச் சோயா விதை தாங்காது. பண்ணையில் குளிர் அறை இருக்கிறது, அவள் வீட்டில் இல்லை. "அக்டோபர் வரை என் விதையை உங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

"பிள்ளை வளக்கச் சொல்லுதீயளா?" என்று சிரித்தாள்.

நாற்பத்தொன்றில் ஒரு டப்பா கொடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு டப்பாவில் கறுப்புச் சோயா. மிளகு மாதிரி பொடி விதை, மகசூல் கிடையாது. யாருக்கும் வேண்டாத சாதி.

மே 8, ஞாயிறு

பாளையங்கோட்டையில் ஆராதனை. முடிந்ததும் எல்லோரும் குடும்பம் குடும்பமாக நின்று பேசினார்கள். நான் செருப்பைத் தேடுகிறவள்போலக் கொஞ்ச நேரம் குனிந்திருந்தேன்.

ஜூலை 14

விதையைப் பார்க்கிற சாக்கில் ஆழ்வார்குறிச்சி போனேன். சாக்குதான். டப்பாவைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். ஜுபைதா சோறு போட்டாள். கணவர் வந்து நாலு வருடமாகிறதாம். "கேசட்டுல பேசி அனுப்புதாவ. நான் சிரிக்கிற எடத்துல அவுக நிறுத்த மாட்டாவ, பேசிக்கிட்டே போவாவ" என்றாள்.

கிளம்பும்போது, "அடுத்த மாசமும் வாங்க லாத்தா" என்றாள். அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

அக்டோபர் 11

விதைகளை முளைக்கச் சுருட்டி வைத்திருந்த ஈரத்தாளைப் பிரித்தேன். குளிர் அறையில் இருந்த நாற்பத்தொன்று, நூற்றுக்குத் தொண்ணூறு முளைத்திருக்கிறது. ஜுபைதா வீட்டில் இருந்த நாற்பத்தொன்று — ஒன்பது. மீதியெல்லாம் ஊறி, அழுகி, நாறுகிறது. கறுப்பு? எழுபத்தெட்டு. அதே வீடு, அதே கோடை.

ஆறு வருசம்! ஆறு வருசமா என்னத்தைப் பார்த்தேன் நான்? பருமனையும் எடையையும் பார்த்தேன். உசிர் இருக்கான்னு பாக்கலியே.

அக்டோபர் 13

சாரிடம் சொன்னேன். பேனா மூடியைத் திருகிக்கொண்டே பேசினார். "உன்னைப் பொய் சொல்லச் சொல்லலை. குளிர் அறைக் கணக்கு நிஜம்தானே? வீட்டு விதையைப் பத்திக் கேட்டா சொல்லு. கேக்கலைன்னா விட்டுடு."

கேட்காவிட்டால்?

நவம்பர் 18

கோயம்புத்தூரில் ரக வெளியீட்டுக் கூட்டம். வீட்டு விதையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் எழுந்து சொன்னேன். நாற்பத்தொன்றைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

திரும்பும்போது சார் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டு வந்தார். கோவில்பட்டியில் எனக்கு மட்டும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 25

பகல் முழுக்கத் தூங்கினேன்.

1995 ஜனவரி 31

சாருக்கு வழியனுப்பு விழா. எல்லோருக்கும் கை கொடுத்தார். என்னிடம் வந்தபோது மாலையைச் சரிசெய்துகொண்டார்.

மார்ச் 20

நாற்பத்தொன்றின் பூவில் கறுப்பின் மகரந்தத்தைத் தடவத் தொடங்கிவிட்டேன். மறுநாள் விரியப்போகிற மொட்டு, நெல்மணி அளவுகூட இல்லை. இடுக்கியால் இதழைப் பிரித்து, உள்ளிருக்கிற ஆண் உறுப்புகளை எடுத்துவிட்டு, அங்கே கறுப்பின் மகரந்தம். கை சற்று அழுந்தினால் தீர்ந்தது. பெரும்பாலும் உதிர்கின்றன. புதுத் தலைவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 4

தம்பி பெனோ கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். "மாத்தல் வாங்கிட்டு இங்கயே வந்துரு, அக்கா. அங்கன தனியா யாருக்காவ இருக்க?"

சோயாவுக்காக என்று சொல்ல வெட்கமாக இருந்தது. யோசிக்கிறேன் என்றேன்.

பொய்யில்லை. யோசிக்கத்தான் செய்கிறேன்.

ஆகஸ்ட் 17

நாற்பத்தொன்றின் பூ வெள்ளை. கறுப்பின் பூ ஊதா. நான் ஒட்டுச் சேர்த்ததில் தேறிய விதைகளைப் போன மாதம் ஊன்றியிருந்தேன். தாய்ச்செடி தன் மகரந்தத்திலேயே காய்த்திருந்தால் வெள்ளைப் பூ வரும். ஒட்டுப் பிடித்திருந்தால் ஊதா.

மூன்று நாளாக வெள்ளையாகவே விரிந்தது. இன்று காலை வரிசைக் கடைசிச் செடியில், இலைக்கு அடியில், ஊதா. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஊதாதான்.

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். ஜுபைதா வயலில் களை எடுக்கிறவர்களோடு நின்றாள். வரப்பிலேயே நின்று சொன்னேன். மூச்சு வாங்கியது.

"அப்ப இது கோடையைத் தாண்டிருமா லாத்தா?"

"தெரியாது. பிள்ளைச் செடி, பேரன் செடின்னு பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கணும். ஏழு வருசம் ஆகும்."

"ஏழு வருசமும் இங்கனதானே இருப்பிய?"

"இங்கனதான்" என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, முடிவு செய்துவிட்டேன் என்று.

"அப்பம் என்ன அவசரம்? முந்தானையத் தூக்கிச் சொருகிட்டு இறங்குங்க, இந்த வரிசை முடிஞ்சதும் சாப்பிடப் போவோம்" என்றாள்.

இறங்கினேன். மாலையில் அம்பாசமுத்திரம் பஸ் இரண்டு வந்தன. இரண்டையும் விட்டுவிட்டேன்.