நம் வீட்டையே வாடகைக்குப் பார்த்துவிட்டு வந்தேன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணையும் அவள் மகளையும் நம் வீட்டிலிருந்து வெளியேற்றுகிறார்கள். மற்றபடி நானும் அப்பாவும் நலம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார், நடந்துவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்க்கிறார். அக்காவுக்கு வேலையில் பெரிய பதவி கொடுத்திருக்கிறார்கள், சம்பளம் பழையதுதான், திட்டு மட்டும் இன்னும் மேலே இருந்து வருகிறதாம். இதையெல்லாம் சாவகாசமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை அந்த வீட்டுப் பக்கமே போகிறது.

போன வாரம் மூக்குக்கண்ணாடியைச் சரிபண்ணக் கொடுக்கப் பழைய தெருப் பக்கம் போனேன், கால் தானாக நம் வீட்டு வாசலில் போய் நின்றது. கேட்டில் வாடகைக்கு என்று பலகை தொங்குகிறது, கீழே நீ வீட்டை ஒப்படைத்த கம்பெனியின் பெயர். மேலே பால்கனியில் துணி காய்கிறது. துணி காய்கிற வீட்டை எப்படி இன்னொருவருக்கு விடுவார்கள் என்று அங்கேயே நின்று கம்பெனிக்குப் போன் போட்டேன். நீங்கதான் ஓனராம்மா என்று கேட்டாள் ஒரு பெண். ஓனரைப் பெற்றவள் என்றேன். அப்ப உங்களுக்கு எதுவும் சொல்ல முடியாதும்மா, உள்ள போகவும் அனுமதி இல்ல, ஒப்பந்தத்துல ஓனர் பேரு மட்டும்தான் இருக்கு என்று தேன் ஒழுகச் சொல்லி வைத்துவிட்டாள். அப்பாவால் படி ஏற முடியவில்லை என்று நாங்கள் இந்தக் கீழ்த்தள வீட்டுக்கு வந்தபோது வீட்டை உன் பெயருக்கு எழுதினோம், நீங்க ரெண்டு பேரும் இளகின மனசு, உங்களால வாடகைக்கு விட முடியாது என்று சொல்லி நீ கம்பெனிக்காரர்களிடம் கொடுத்தாய். அந்தச் சுவர் எழும்பும்போது ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்றியவள் நான், எனக்கு உள்ளே போக அனுமதி இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, குரலைக்கூட மாற்றாமல், வீடு வாடகைக்குப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். தாராளமா வாங்கம்மா, நாளைக்குக் காலையில வந்துடுங்க என்றாள் அதே பெண்.

மறுநாள் என்னோடு படியில் இன்னும் சிலர் நின்றார்கள். கம்பெனி ஆள் நடுவயதுக்காரர், கழுத்தில் அட்டை, நெற்றியெல்லாம் வியர்வை. கதவைத் தட்டவே இல்லை தம்பி, தன் சாவியைப் போட்டுத் திறந்தார். உள்ளே குடியிருக்கும் பெண், சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், வேலைக்குக் கிளம்பிய கோலத்தில் சமையலறை ஓரமாக ஒதுங்கி நின்றாள். மகள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள், ஆளாளுக்கு அவள் பையைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் அவர்கள் அலமாரியைத் திறந்து பார்த்தார். இவங்க மாசக் கடைசில காலி பண்ணிடுவாங்க என்று கம்பெனி ஆள் அவளை வைத்துக்கொண்டே சொன்னார், ஏதோ பழைய கட்டிலைச் சொல்வது மாதிரி.

பிறகு என்னிடம் வந்து எத்தனை பேரு என்று கேட்டார். நானும் வீட்டுக்காரரும் என்றேன். வயதைக் கேட்டார், சொன்னேன். தப்பா எடுத்துக்காதீங்கம்மா, வயசானவங்களுக்குத் தர வேணாம்னு ஓனர் சொல்லியிருக்காரு, நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் வீடு விட முடியாது பாருங்க என்றார். என் முகம் எப்படிப் போனதோ, தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். நானும் வாடகை வீடுதாம்மா, என்னையும் எத்தனையோ பேரு வேணாம்னிருக்காங்க என்றார். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். பரவாயில்ல, சாகறதுக்கு முன்னாடியே சொல்லிட்டான் என்றார். 

குளியலறை விளக்கு உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பா ஏணி மேல் நின்று ஸ்விட்சைத் தப்பான பக்கத்தில், அறைக் கதவுக்குப் பின்னால் போட்டுவிட்டு, அதுதான் சரி என்று கடைசிவரை சாதித்தாரே. வீடு பார்க்கப் போன அன்றைக்கு எல்லோரும் அந்த ஸ்விட்சைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்கள், கம்பெனி ஆளே போன் வெளிச்சத்தைத் தேடினார். நான் யோசிக்காமல் கதவுக்குப் பின்னால் கையை விட்டுப் போட்டுவிட்டேன். மேலே கூரைப் பூச்சு பெயர்ந்து கறுத்துக் கிடக்கிறது, கீழே வாளி. அந்தப் பெண் கூரையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். மற்றவர்கள் பால்கனிக்குப் போனதும் பக்கத்தில் வந்து, நீங்க இந்த வீட்டு அம்மாதானே என்று மெதுவாகக் கேட்டாள்.

ஆமாம் என்றேன், வேறு என்ன சொல்ல. மழை தொடங்கியதிலிருந்து ஒழுகுகிறதாம், சொல்லிச் சொல்லிப் பார்த்தாளாம், ஓனர் செலவு பண்ண மாட்டேங்கறாரு என்று பதில் வந்ததாம். அவள் பிளம்பரை உள்ளே விடுவதில்லை என்று கம்பெனி சொன்னதாக நீ என்னிடம் சொன்னாய். இரண்டு பக்கமும் பேசியது ஒரே வாய். இப்போது ஓனர் குடிவரப் போகிறார், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். நீ வருகிறாயா தம்பி? வருவதானால் எனக்குத் தெரிய வேண்டாமா? பழைய ஆள் இருந்தால் கம்பெனிக்கு ஒன்றும் இல்லை, புது ஆள் வந்தால் ஒரு மாத வாடகை கமிஷன், அவ்வளவுதான் விஷயம். அவர் வீடு, அவர் வரட்டும், யாருக்கு வேணா விடட்டும்மா, மகளுக்குப் பரீட்சை முடியற வரைக்கும் எங்கள இருக்க விட்டாப் போதும் என்றாள் அந்தப் பெண். நான் சொன்னால் அங்கே எடுபடாது என்று அவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. உங்க பையனுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, தெரிஞ்சா விடமாட்டான் என்று உடனே சொல்லிவிட்டேன்.

படி இறங்கும்போது கம்பெனி ஆளிடம், இதெல்லாம் ஓனருக்குத் தெரியுமா என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். அவரைக் கேக்காம எதுவும் செய்ய மாட்டோம்மா, எல்லாத்துக்கும் சரின்னுட்டாரு என்றார். 

உனக்குப் போன் செய்தேன், மீட்டிங்கில் இருப்பதாகச் சேதி வந்தது, மறுநாளும் அதே. காகிதத்தில் எழுதினால் பாதியில் வெட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன், அக்கா படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். போன குளிர்காலத்தில் அங்கே நீ குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரன் ஹீட்டரைச் சரிபண்ணித் தராமல் நீ கோட்டைப் போட்டுக்கொண்டு தூங்கினாயே, அந்த ஆளை நான் என்னென்ன சொல்லித் திட்டினேன் என்று உனக்குத் தெரியும். அதே வார்த்தைகளை இங்கே ஒரு அம்மா உன்னை நினைத்துச் சொல்லக் கூடாது. பலகையைக் கழற்றச் சொல், கூரையைப் பூசச் சொல், பரீட்சை முடியும்வரை அவர்கள் அங்கேதான் என்று கம்பெனிக்கு உன் கையால் எழுது, உன் எழுத்துக்குத்தான் அங்கே மதிப்பு.

வேளைக்குச் சாப்பிடு, காலுறை இல்லாமல் தரையில் நடக்காதே. எங்கே இருந்தாலும் நீ நிம்மதியாகப் படுத்து எழ வேண்டும், உன்னால் இன்னொருவர் தூக்கம் கெடக் கூடாது, என் ஆசீர்வாதம் இதுதான். அப்பாவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். உனக்குத் தெரியாது என்று நான் அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் தம்பி. நான் சொன்னது பொய் இல்லை என்று எழுது.

உன் அம்மா