உட்கார்ந்த பிறகு எடுத்த எண்

மார்ச் 3, திங்கள்

காலையில் ஏழு பேருக்கு நடைப் பரிசோதனை. முப்பது மீட்டர் நடைவழி, இரு முனையிலும் ஒரு சிவப்புக் கூம்பு, ஆறு நிமிட நடை, விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப். பதினாலு வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் இதுதான் என் பிழைப்பு. கிளிப்தான் ஒரு மாதமாகத் தகராறு செய்கிறது. கை வீசினால் எண் தாவுகிறது. அதனால் நடந்து முடித்தவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மூச்சு அடங்கியபின் நிதானமாக எடுக்கிறேன்.

கடைசியாக வந்தவர் தரைக்கு மார்பிள் பாலிஷ் போடுபவர். ஐம்பது வயதிருக்கும். நாலு அடி வைப்பார், சுவரைப் பிடிப்பார். எனக்கோ பசி. "அன்ன நடை நடந்தா ஆகாது அண்ணே, கொஞ்சம் எட்டிப் போடுங்க" என்றேன். பெஞ்சில் இருந்த அவர் மனைவி சிரித்துவிட்டார். "வீட்லயும் இப்படித்தான் மேடம். வேலைன்னு சொன்னா மட்டும் மூச்சு முட்டும்."

உட்கார்ந்த பிறகு 96. "நல்லா இருக்கு" என்றேன். "நான் சொன்னேன்ல" என்று அந்த அம்மா அவரைப் பார்த்தார். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 4

புதுக் கிளிப் கேட்டு மூன்றாவது கடிதம். ஸ்டோரில் இல்லையாம்.

மார்ச் 19, புதன்

நர்ஸுகளுக்கு வகுப்பு எடுத்தேன். பேச ஆரம்பித்தால் எனக்குத்தான் நிறுத்தத் தெரியாதே.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது ரத்தம் நுரையீரலின் மெல்லிய குழாயைக் கடக்க முக்கால் நொடி எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் ஏற அதில் மூன்றில் ஒரு பங்கு நேரமே போதும் என்று சொன்னேன். நடந்தால் இதயம் வேகமாகத் தள்ளும், மூடிக் கிடந்த குழாய்களும் திறக்கும், ரத்தம் பல மடங்கு பாயும். அப்போது ஒவ்வொரு துளிக்கும் கிடைக்கும் நேரம் குறையும். நல்ல நுரையீரல் அதையும் சமாளிக்கும். நுரையீரலின் சுவர் தடித்துப் போயிருந்தால் முடியாது. பஸ் நிறுத்தத்தில் நின்றால் கால் வலிக்காரரும் ஏறிவிடுவார், நிற்காமல் நகர்ந்தால் அவர்தானே கீழே நிற்பார் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஒருத்தி கேட்டாள்: "அப்போ உட்கார்ந்தப்புறம் பாத்தா குறைஞ்சது தெரியாதுல்ல மேடம்?"

"தெரியாது. நடக்கும்போதே பாக்கணும்."

சொல்லி முடித்ததும் நான் போடும் நாற்காலியும் கொடுக்கும் தண்ணீரும் நினைவுக்கு வந்தன. அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று நினைவில்லை. கைதட்டினார்கள். ஊருக்குத்தான் உபதேசம்.

மார்ச் 20

கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். உட்கார்ந்த பிறகு எடுத்த எண்கள் நாற்பத்தொன்று. எல்லாம் என் கையெழுத்து, அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். மார்பிள்காரர் தாளில் டாக்டர் எழுதியிருக்கிறார்: நுரையீரலில் குறையில்லை, ஸ்கேன் தேவையில்லை, வேலைக்குப் போகலாம்.

அந்த மனுஷன் சுவரைப் பிடிச்சிட்டு நின்னானே. கண்ணு எங்கடி போச்சு உனக்கு?

மார்ச் 21

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கிளிப் குடுக்காதது அவங்க தப்பு, நீ என்ன பண்ணுவ?" என்றார். அரை நாள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். சரிப்படவில்லை. அறுவைப் பிரிவில் நல்ல கிளிப் இருக்கிறது, இரண்டு மாடி ஏறிப் போய்க் கேட்டிருக்கலாம். ஏறச் சோம்பல். நான் அவரைச் சோம்பேறி ஆக்கியிருக்கிறேன்.

மார்ச் 22

போனை எடுத்தேன். வைத்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

இன்று பேசிவிட்டேன். மார்பிள்காரர் மனைவிதான் எடுத்தார். "வேலைக்குப் போயிருக்காரு மேடம். நீங்க சொன்னதுல இருந்து மூச்சு முட்டுதுன்னு வாயே திறக்கறதில்ல" என்றார். சந்தோஷமாகச் சொன்னார். இன்னொரு முறை அழைத்து வரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். வழக்கமாகப் பார்ப்பதுதான் என்று பொய் சொன்னேன். சீ.

மார்ச் 27, வியாழன்

அறுவைப் பிரிவிலிருந்து கிளிப் வாங்கி வந்து, அவர் விரலில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன். இந்த முறை அவர் வேகமாக நடந்தார். சுவர் பக்கமே கை போகவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. இரண்டாம் நிமிடம் 86. மூன்றாம் நிமிடம் 79. "போதும், உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கே மேடம். போன தடவ மெதுவா நடந்தேன்னு திட்டுனீங்க."

பிடித்து உட்காரவைத்தேன். எண் ஏறியது: 85, 90, 94. தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் 96. அதே 96.

"போன தடவை தப்பா எடுத்தது நான்தான் அண்ணே. உங்களுக்கு நிஜமாவே மூச்சு பத்தல" என்றேன். தரையைத்தான் பார்க்க முடிந்தது. அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அந்த அம்மா கோபப்பட்டாலும் நன்றாக இருந்திருக்கும்.

அவர் மெதுவாகக் கேட்டார்: "அப்போ நான் நடிக்கலையா?"

தனக்கே சந்தேகம் வந்திருக்கிறது அவருக்கு. நானும் அந்த அம்மாவும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மார்ச் 28

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எத்தனை பேர்?" என்றார். நாற்பத்தொன்று. "எழுதிக் குடுங்க. எல்லாரையும் திரும்ப கூப்பிடுங்க." கேண்டீனில் என் மேசைக்கு யாரும் வரவில்லை.

ஏப்ரல் 9

ஸ்கேன் வந்துவிட்டது. கல்தூசி. இரண்டு நுரையீரலிலும் தழும்பு. மாறாது, ஆனால் தூசியை விட்டால் வேகம் குறையலாம் என்கிறார் டாக்டர். பாலிஷ் வேலையை அடியோடு விடச் சொல்லியிருக்கிறார். நான் கொடுத்த எண்ணை நம்பி மூன்று வாரத்துக்கு மேல் அந்தத் தூசியை இழுத்திருக்கிறார். அதை யார் திருப்பிக் கொடுப்பது?

ஏப்ரல் 16, புதன்

நாற்பத்தொருவரில் இதுவரை முப்பது பேர் வந்துவிட்டார்கள். இன்னும் நால்வருக்கு நடக்கும்போது குறைகிறது.

மார்பிள்காரர் ஆக்சிஜன் உருளையோடு நடந்து பார்க்க வந்தார். பரிசோதனையின்போது நோயாளியோடு சேர்ந்து யாரும் நடக்கக் கூடாது என்பது விதி. இது பரிசோதனை இல்லை, பழக்குவதுதான் என்று சொல்லி, உருளை வண்டியை அந்த அம்மா கையில் கொடுத்தேன். முதல் சுற்றில் அந்த அம்மா முன்னால் போய்விட்டார். பிறகு அவர் கணவரின் காலைப் பார்த்துப் பார்த்து அடி வைத்தார். நான் பின்னால் போனேன். 93. 92. இறங்கவில்லை.

கூம்பில் திரும்பும்போது மார்பிள்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார். "அன்ன நடை போதுமா மேடம்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "போதும் அண்ணே" என்றேன்.