இறங்காமல் போகிற நாள்

என்ர பூமணி,

இதை நான்தான் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல வேறு ஆரும் எழுதவில்லை. மொன்றியலில், நம்மட மகள் வத்சலாவின் வீட்டுக் குசினி மேசைக்கு முன்னால் இருக்கிறேன். அவளும் மருமகனும் சாமான் வாங்கப் போய்விட்டார்கள். முதல் இரண்டு வரி எழுதி முடிய முன்னம் தேத்தண்ணி ஆறிப்போச்சு. பரவாயில்லை. உனக்கும் அவசரமில்லை, எனக்கும் இல்லை.

நீ இருந்தவரைக்கும் எனக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. நீ வாசிப்பாய், நான் கேட்பேன். நீ போன பிறகு, கோயில் மண்டபத்தில் பெரிய ஆட்களுக்கு எழுத்துப் படிப்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் இருந்தேன். இந்த வயதில் வெட்கமாக இருக்கவில்லையா என்று கேட்பாய். முதல் நாள் இருந்தது. ஒரு 'அ'வை ஒழுங்காக எழுதின பிறகு போய்விட்டது.

இப்ப எனக்கு வாசிக்கிறதுதான் வேலை. இவர்கள் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனில் தமிழ்க் கடைகள் நிறைய. ரோட்டால் நடக்கும்போது ஒவ்வொரு பலகையாகச் சத்தம் போட்டு வாசிக்கிறேன். நகைக்கடை, சாறிக்கடை, 'நல்ல விளைமீன் உண்டு'. "அப்பா, மெல்லமா வாசிங்க. ஆக்கள் பார்க்கிறாங்க" என்கிறாள் வத்சலா. பார்க்கட்டுமே. அவர்களுக்கும் மீன் வேண்டியிருக்கும்.

நான் ஊருக்குத் திரும்புகிற நாள் கிட்டி வருகிறது. போன கிழமை சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது வத்சலா சொன்னாள், "வாற ஞாயிற்றுக்கிழமை முழுக்க உங்களுக்குத்தான் அப்பா. எங்க போகவேணும் எண்டு சொல்லுங்க." மருமகன் குமரன், நான் நயாகரா நீர்வீழ்ச்சி என்றுதான் சொல்வேன் என்று நினைத்து, ரோட்டுப் படத்தை எடுத்து மேசையில் விரித்துவிட்டார்.

"எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் நாள் வேணும்" என்றேன்.

"அதென்ன நாள், மாமா?"

"காலையில இருந்து பொழுதுபடுமட்டும் மோட்டார் சைக்கிள். பார்க்கிறதும் அதுதான், போறதும் அதிலதான்."

குமரன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நக்கலுக்குக் குறைவில்லை. "மாமா, கனடாவுக்கு வாற ஆக்கள் நீர்வீழ்ச்சியையும் பனியையும் கேட்டுக் கண்டிருக்கிறன். நீங்கள் மட்டக்களப்பில விட்டிட்டு வந்ததையே இஞ்சையும் கேக்கிறியள்."

"அங்க நான் தயிர் விக்க, சட்டியோட ஓடினது, மருமகன். சும்மா, ஒரு வேலையும் இல்லாம, ஒருநாளும் ஓடினதில்ல."

அவர் சிரித்தார். வத்சலா சிரிக்கவில்லை. கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினாள். "நீங்க ரெண்டு பேரும் போங்க. எனக்கு அதில ஏற ஏலாது."

பாலத்தடியில் ஆமிக்காரர் மறித்துச் சோதித்த சென்றியை நீ மறந்திருக்கமாட்டாய். நான் முன்னால், நீ பின்னால் ஒருபக்கமாக இருந்து, வத்சலா பெற்றோல் தாங்கியில், கைபிடியின் இரண்டு பக்கமும் தயிர்ச் சட்டி. ஆமிக்காரன் நிற்கிற இடத்துக்கு முன்னமே எஞ்சினை நிறுத்தி இறங்கிவிட வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி மறுபக்கம் வரைக்கும் வண்டியை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அங்கே நட்டிருந்த பலகையை முதல் நாள் நீதான் வாசித்துச் சொன்னாய்: 'இறங்கி நடக்கவும்.' பிறகு வாசிக்கத் தேவைப்படவில்லை. கால் தானாக இறங்கிப் பழகிவிட்டது.

வத்சலா அந்த நடை முழுக்க உன்ர சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள். மறுபக்கம் போனதும் நீ சீலையை ஒதுக்கி ஏறி இருந்து, என்ர தோளில் தட்டி, "இனிப் போங்க" என்பாய். அதுக்குப் பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும். தாங்கியில் இருந்த பிள்ளைக்கு எப்ப மூச்சு வந்தது? நாம் அவளைக் கேட்டோமா, பூமணி?

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. எழுத்துப் படித்த கையோடு, அந்தப் பலகையை நானே வாசித்துப் பார்க்கவேண்டும் என்று பாலத்தடிக்குப் போனேன். சமாதானப் பேச்சோடு சென்றியை எடுத்துவிட்டார்கள். பலகையும் இல்லை, அது நின்ற குழிதான் கிடந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் பார், இப்பவும் அந்த இடம் வந்தால் நான் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி ஒரு காலை ஊன்றிவிடுகிறேன். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்த பிறகுதான் நினைவு வருகிறது.

சரி, நாளைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை, அதின்ர கதைக்கு வாறேன்.

கீழ்வீட்டில் ஜில் என்று ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார். பஸ் ஓட்டி ஓய்வெடுத்தவர். அவருக்குப் பிரெஞ்சு மட்டும்தான், எனக்குத் தமிழ் மட்டும்தான். ஆனால் அவரிடம் பச்சை நிறத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு ஆள் ஏறி இருக்கக்கூடிய மாதிரி, சின்னத் தோணி போல ஒரு பெட்டி பூட்டினது. நான் வந்த புதிதில் அவர் அதைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் போய் குனிந்து செயினைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் இன்னொரு துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். அதிலிருந்து நாங்கள் சினேகிதர்.

ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தை நானும் ஜில்லும்தான் போட்டோம், குமரன் நடுவில் நின்று மொழிபெயர்த்தார். காலையில் ஆற்றங்கரை. அங்கே மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடிக் கோப்பி குடிப்பார்களாம். பிறகு, பழைய வண்டிகளைச் சேர்த்து வைத்திருக்கிற ஜில்லின் கூட்டாளி ஒருவரின் கொட்டகை. அதுக்குப் பிறகு டொலார்டில் இருக்கிற முருகன் கோயில். இவ்வளவு தூரம் ஓடப்போகிற வண்டிக்கு ஒரு தேங்காய் உடைத்து, சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டாமா? ஜில் ஏன் என்று கேட்கவில்லை. "நல்ல பழம் வீணாகாதா" என்று மட்டும் கேட்டாராம்.

நேற்றுப் பின்னேரம் வெள்ளோட்டம். வத்சலா, "அப்பா விழுந்தா ஆரு பார்க்கிறது" என்று கீழே வந்து நின்றாள். ஜில் பெட்டியைத் துடைத்து, ஒரு ஹெல்மெட்டையும் நீட்டி, ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார். என்ன நினைத்தாளோ தெரியாது, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி இருந்தாள். "ஒரு சுத்துத்தான். பேந்து இறங்கிருவன்."

மேலே பல்கனியில் இருந்து குமரன் சத்தம் போட்டார், "வத்சு, பெல்ட்டைப் போடு!"

"இதில பெல்ட் இல்ல!"

"அப்ப முருகனைக் கும்பிடு!"

பூமணி, நான் பின்சீட்டில் இருந்தது இதுதான் முதல் தடவை. முன்னால் இருக்கிறவருடைய முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு காலமும் நீ என்ர முதுகைப் பார்த்துக்கொண்டுதான் வந்தாயா? ஒருநாளும் சொல்லவில்லையே.

இங்கே கோடை வந்தால் ரோட்டையெல்லாம் கிண்டத் தொடங்கிவிடுவார்கள். ஒரு திருப்பத்தில் செம்மஞ்சள் கூம்புகள் நிரையாக நின்றன. பக்கத்தில் ஒரு பொலிஸ் கார், மேலே வெளிச்சம் சுழன்றுகொண்டிருந்தது. பொலிஸ்காரப் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள். ஜில் நிறுத்தினார்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. இறங்கினேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். தலையைக் குனிந்துகொண்டு நடக்கத் தொடங்கினேன். கொஞ்சத் தூரம் போன பிறகுதான், 'அடே, இது மொன்றியல்' என்று நினைவு வந்தது. வெட்கத்தோடு திரும்பிப் பார்த்தேன்.

வத்சலாவும் இறங்கி நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கைப்பைக்குள் கையை விட்டு அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பொலிஸ்காரப் பிள்ளை எங்களைப் பார்த்தாள், ஜில்லைப் பார்த்தாள். "போஞ்சூர்" என்று வணக்கம் சொன்னாள். பிறகு, போகலாம் என்று கையைக் காட்டினாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"நீங்களுமா அப்பா?" என்றாள் வத்சலா.

"நீயுமா மகள்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "எனக்கு மட்டும்தான் இப்படி எண்டு நினைச்சிருந்தன். கார் ஓட்டக்குள்ளயும் பொலிசைக் கண்டா என்ர கை கைப்பைக்குப் போயிரும். அவருக்குக்கூடச் சொன்னதில்ல."

"பாலத்தடியில இப்ப சென்றி இல்ல மகள். நான் இன்னும் நிற்பாட்டுறன்" என்று நானும் சொன்னேன். இதை நானும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

ஜில் ஒன்றும் விளங்காமல், எஞ்சினையும் நிறுத்தாமல் காத்துக்கொண்டிருந்தார். நான் ஹெல்மெட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு ஏறினேன். வத்சலா பெட்டிக்குள் இருந்து சட்டையை ஒதுக்கினாள். ஜில்லின் கையில் ஒரு தட்டுத் தட்டி, "இனிப் போங்க" என்றாள். தமிழில்தான் சொன்னாள். அவர் போனார்.

நான் ஹெல்மெட்டைப் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

சுற்று முடிந்து வீட்டு வாசலுக்கு வந்தோம். நான் இறங்கினேன். அவள் இறங்கவில்லை. "இன்னொருக்காப் போவம் அப்பா" என்றாள். குமரன் பல்கனியில் வாயைத் திறந்தபடி நின்றார்.

இரவுச் சாப்பாட்டில் அவளாகவே சொன்னாள், "நாளையிண்டைக்கு நானும் வாறன். ஆனா ஒண்டு. பொலிஸ் நிண்டாலும், கூம்பு நிண்டாலும், நீங்க இறங்கக்கூடா. நானும் இறங்கமாட்டன்."

"நான் காரில சோத்துப் பார்சலோட பின்னால வாறன்" என்றார் குமரன். "ஆராவது இறங்கினா மத்தியானச் சாப்பாடு இல்லை."

அப்ப நான் திட்டத்தில் ஒரு இடத்தைக் கூட்டிச் சேர்த்தேன். கோயிலுக்குப் பிறகு ஒரு பாலம் வேண்டும். "எந்தப் பாலம் மாமா?" என்று குமரன் கேட்டார். எதுவானாலும் சரி, கீழே தண்ணி ஓட வேண்டும் என்றேன். இன்றைக்குக் காலையில் அவர் போய்ச் சொல்ல, ஜில் சிரித்தாராம். இது தீவு, இங்கே பாலத்துக்கா பஞ்சம் என்றாராம்.

ஆகவே நாளைக்கு, ஏதோ ஒரு ஆற்றுக்கு மேல், நானும் நம்மட பிள்ளையும் மோட்டார் சைக்கிளில் போவோம். முந்தி அவள் தாங்கியில் இருந்தாள், இப்ப பக்கத்தில் இருப்பாள். இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை மட்டும், இருந்த இருப்பிலேயே. அவளுக்குப் பயம் வராது என்று என்னால் சொல்ல ஏலாது. எனக்கும் கால் கூசத்தான் செய்யும். ஆனால் இரண்டு பேருக்கும் தெரிந்த பயம் பாதிப் பயம்தானே?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், பூமணி. நாளைக்கு நான் இறங்கமாட்டேன். ஊருக்கு வந்த பிறகு, நம்மட பாலத்தடியிலும் காலை ஊன்றாமல், நேரே போவேன். மறுபக்கத்தில் நீ "இனிப் போங்க" என்று சொல்லவேண்டி வராது. நாம் நிற்கவே மாட்டோம்.

ஆனாலும், தோளில் ஒருக்காத் தட்டு.

உன்ர மனிசன், வத்சலாவின் அப்பா,
சின்னத்தம்பி
(கைநாட்டு இல்லை, பார். கையெழுத்து.)