உன் பேரைச் சொல்லி வாங்கிய தண்ணீர்

பாகூர்
மாசி 6

அன்பு மகன் குமரவேலுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், அந்த மலைக்குளிரில் நீயும் மருமகளும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க மூலநாதரை வேண்டிக்கொள்கிறோம். நீ பிரிகேடியர் ஆனதிலிருந்து அம்மாவுக்கு முட்டிவலி போன இடம் தெரியவில்லை. கடைத்தெருவில் பையன்கள் உன் படம் போட்டு பேனர் கட்டியிருக்கிறார்கள், மீசை மட்டும் வேறு யாருடையதோ போலிருக்கிறது.

குமரா, நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். நவரைப் பட்டத்து நெல்லுக்கு ஏரித் தண்ணீர் விட்டபோது நம் வாய்க்காலில் முதல் முறை இருசப்பனுடையது. நம் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடுகிறானே, நீ பயிற்சிக்குப் போன அன்று உன் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வந்து பஸ் ஏற்றி, விழுப்புரம் ரயிலடி வரை கூட வந்தானே, அவன்தான். நம் நாற்று வாடுகிறதென்று நான் மடையை மறித்தேன். தகராறு பார்க்க வந்த அதிகாரியிடம், என் மகன் ராணுவத்தில் பிரிகேடியர் என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே சார் என்று கூப்பிட்டு, தண்ணீரை நம் பக்கம் திருப்பச் சொன்னார். இருசப்பன் மண்வெட்டியைக் கீழே போட்டான். "இன்னா நைனா, தம்பி பட்டாளத்துக்குப் போனது நம்ம எல்லாருக்கும்னு நெனச்சினு இருந்தேன், உங்க ஒருத்தர் காணிக்குத்தானா?" என்றான். அவன் முறை வருவதற்குள் அவன் நாற்று கருகிப்போயிற்று.

அம்மா அன்று சோற்றைப் போட்டுவிட்டு, "புள்ள சிப்பாய்ங்க எல்லாம் தின்ன பிற்பாடுதான் தட்டுல கை வெக்கிறான், நீங்க அவன் பேரச் சொல்லி மொதத் தண்ணிய வாங்கினு வந்திருக்கீங்க" என்றாள். லெப்டினன்டாகப் பனியில் கிடந்து ஒரு விரல் நுனியை அங்கேயே விட்டு, கர்னலாக ஒரு பட்டாலியனையே கட்டிக்காத்து நீ எடுத்த பேர், அதை நான் ஒரு மடைத் தண்ணீருக்கு விற்றுவிட்டேன். நடவு வந்ததும் நம் நாற்றில் பாதியைப் பறித்து, கட்டு கட்டி அவன் வரப்பில் இறக்கினேன். அவன் மனைவி சின்னப்பிள்ளை வாங்கி நட்டாள், பச்சை பிடித்துவிட்டது. அவன் மட்டும் பேசவில்லை. நம் வயலில் பாதி சும்மாதான் கிடக்கிறது, கிடக்கட்டும்.

நீ லீவில் வரும்போது உன்னையும் கூட்டிப்போய் அவனிடம் மன்னிப்புக் கேட்கலாமென்று இருந்தேன். பிரிகேடியர் வந்து நின்றால் அவன் வேறென்ன சொல்ல முடியும், அதுவும் அதிகாரம்தானே என்றாள் அம்மா. அதனால் நேற்று தனியாகவே போய் அவன் வாசலில் நின்று கேட்டேன். அவன் வெகுநேரம் மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "தம்பிக்குத் தெரியுமா நைனா? அவர் பேரத்தானே எடுத்தீங்க. மொதல்ல அவருக்கு எழுதுங்க, அப்பால எங்கிட்ட வாங்க" என்றான்.

எழுதிவிட்டேன். உனக்குக் கோபம் வந்தால் மறைக்காமல் எழுது, அம்மாவிடம் போனில் சொல்லி அனுப்பாதே. காதை மூடாமல் வெளியே போகாதே. தாயும் பிள்ளையுமாக எல்லோருக்கும் எங்கள் ஆசீர்வாதம். உன் பதில் வந்த பிறகுதான் நான் மறுபடி அவன் வாசலுக்குப் போக முடியும்.

இப்படிக்கு,
உன்னிடம் தலைகுனிந்து,
அப்பா பலராமன்